நுவரெலியாவுக்குக் குடும்பத்தோடு முதல்முறை வருகிறவர்களுக்கு: காலையில் எங்கே, பின்னேரம் எங்கே

கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ முதல்முறை நுவரெலியாவுக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் நீளமான ஒரு பட்டியலோடுதான் வருகின்றன. இரண்டு நாளில் பன்னிரண்டு இடம். பாதியை வேன் கண்ணாடி வழியாகவே பார்த்து முடிப்பார்கள். பிள்ளைகள் வளைவுகளில் வாந்தியெடுத்துக் களைத்திருக்கும், அம்மம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்தப் பட்டியலைக் குறைக்கத்தான் இந்த வழிகாட்டி. மூன்று நாள் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். இரண்டே நாள்தான் கிடைக்கும் என்றால் கடைசி நாளை வெட்டிவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

ஒரு விஷயத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே நாளைப் பங்கிடுவது மேகம்தான். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழும்பும். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் உயரமான இடங்களை வெள்ளையாக மூடிவிடும். பின்னேரம் தூறலோ மழையோ வருவதும் சாதாரணம். ஆகவே தூரமான, உயரமான இடங்களைக் காலையில் முடியுங்கள். தங்குமிடத்துக்குப் பக்கத்தில் உள்ளவற்றையும், ஓடி ஒதுங்கக் கூரை உள்ளவற்றையும் பின்னேரத்துக்கு வையுங்கள். எட்டரைக்குப் புட்டும் முட்டைப்பொரியலும் சாப்பிட்டு, குளித்து, பத்தரைக்கு ஆறுதலாக வெளிக்கிடுகிற குடும்பத்துக்கு மலை தெரியாது, வெறும் பனிமூட்டம்தான் தெரியும்.

எந்த மாதம் வருவது

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பொதுவாக நல்ல காலம். ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும். குளிரும் அப்போதுதான் கடுமை. சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். கொழும்பு மாதிரி மெல்லிய சட்டையோடு பிள்ளைகளை இறக்கிவிட வேண்டாம்.

ஏப்ரல் என்றால் ‘சீசன்’. புத்தாண்டு விடுமுறை, மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கார் போட்டி என்று ஊரே நிரம்பி வழியும். அந்தக் கலகலப்புக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள், தப்பில்லை. ஆனால் கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் வருகிறவர்களுக்கு நான் ஏப்ரலைச் சொல்லமாட்டேன். அறை வாடகை ஏறிவிடும், வாகனம் நிறுத்த இடம் கிடைக்காது. போயா தினத்தோடு சேர்ந்து வரும் நீண்ட வார இறுதிகளிலும் இதே கதைதான்.

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஓகஸ்ட் பாடசாலை விடுமுறைக்குத்தான் வரமுடியும் என்கிறவர்கள் இதனால் பயப்பட வேண்டியதில்லை. அந்த மழை மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு ஊவாப் பக்கம் வறண்ட காற்றாகத்தான் இறங்கும். நுவரெலியா நகரில் தூறிக்கொண்டிருக்கும்போதே, வெலிமடை வீதியில் சில கிலோமீட்டர் இறங்கினால் வெயிலடிக்கிற நாட்கள் உண்டு. அறைக்குள் போர்வையோடு உட்கார்ந்திராமல் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள்.

ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கொஞ்சம் கவனம் வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலையகம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். மண்சரிவுகளில் வீடுகளும் வீதிகளும் போயின, ரயில் பாதையும் சேதமானது. இனி எந்த மழைக்காலத்திலும் புறப்படுவதற்கு முதல்நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டமாக வெளியிடுவார்கள். மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்கவேண்டும். நீங்கள் வரும் பாதையில் செம்மஞ்சளோ சிவப்போ இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். அறைக்குக் கட்டிய முற்பணம் போனால் போகட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

வந்து சேரும் வழி

நுவரெலியா நகருக்குள் ரயில் நிலையம் இல்லை. நானுஓயாவில் இறங்கி, எட்டு கிலோமீட்டர் அளவு பஸ்ஸிலோ ஆட்டோவிலோ வரவேண்டும். ரயிலில் வர எண்ணினால், முழுத்தூரமும் ஓடுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே டிக்கட் எடுங்கள்.

வீதி வழியென்றால் மேற்கிலிருந்து இரண்டு. கண்டி, கம்பளை, ரம்பொடை வழியாக வருவது ஒன்று. அவிசாவளை, ஹட்டன், தலவாக்கலை வழியாக வருவது இன்னொன்று. வடக்கிலிருந்து வருகிறவர்களுக்குக் கண்டி வழிதான் தோது. கிழக்கிலிருந்து பதுளை, வெலிமடை வழியாக ஏறலாம். அப்படி வந்தால் ஹக்கலைப் பூங்காவின் வாசலைத் தாண்டித்தான் நகருக்குள் நுழைவீர்கள்.

எந்த வழியானாலும் கடைசி இரண்டு மணி நேரம் வளைவுகள். ஏறத் தொடங்கும் முன் பிள்ளைகளுக்கு வயிறு முட்டக் கொடுக்காதீர்கள், பாலும் வேண்டாம். பனிஸ் ஒன்று, கொஞ்சம் தண்ணீர், வாயில் போட்டுக்கொள்ள இஞ்சி டொபி, அவ்வளவு போதும். போனைப் பார்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்குத்தான் முதலில் குமட்டும்.

சொந்த வாகனத்தில் வருகிறவர்கள் இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது, ஏறின கியரிலேயே இறங்கவேண்டும். நானுஓயாவிலிருந்து ரதல்லை வழியாக இறங்கும் குறுக்குப் பாதையைத் தொலைபேசி வரைபடம் ஆசையாகக் காட்டும். அது மிகச் செங்குத்து. 2023 ஜனவரியில் அங்கே நடந்த பஸ் விபத்தில் ஏழு பேர் இறந்தார்கள். ஆட்களும் சாமான்களும் நிறைந்த வேனைப் பிரதான வீதியிலேயே ஓட்டிச் செல்லுங்கள்.

முதல் நாள் ஊருக்குள்ளேயே

வந்து சேரும்போது எப்படியும் மத்தியானம் ஆகிவிடும். அன்றைக்கு விக்டோரியா பூங்காவும் வாவியும் போதும்.

விக்டோரியா பூங்கா நகரின் நடுவிலேயே, செங்கல் நிறத்துப் பழைய தபால் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. முன்பு ஹக்கலைத் தோட்டத்தின் பரிசோதனை நிலமாக இருந்ததை, விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டி 1897 இல் இந்தப் பெயரிட்டுப் பூங்காவாக்கினார்கள். நுழைவுச் சீட்டு உண்டு. சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு நுவரெலியாவிலேயே சுகமான இடம் இதுதான் என்பேன். சமதரையான பாதை, உட்காரப் பெஞ்சு, ஓடப் புல்வெளி, பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் குட்டி ரயிலும். தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் ஓரளவு சிரமமில்லாமல் போகும். மலையில் அப்படி ஓர் இடம் கிடைப்பதே அரிது.

பறவை பார்க்கிறவர்கள் இந்தப் பூங்காவைத் தேடி வெளிநாடுகளிலிருந்து வருகிறார்கள் என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்தியாவிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க இறங்கும் ஆறுமணிக்குருவியும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் இங்கே பூந்தோட்டத்து ஓரங்களில், ஓடைக்கரைப் புதர்களில் தென்படும். அதற்கு நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில், பூங்கா திறந்த கையோடு போகவேண்டும். பேச்சைக் குறைத்து ஓடைப் பக்கம் பத்து நிமிடம் நின்றால் போதும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரு தொலைநோக்கியைக் கையில் கொடுத்துப் பாருங்கள், திரும்ப வாங்குவது கஷ்டம். முதல் நாள் பின்னேரம் இந்தப் பறவைகள் கிடைக்காவிட்டால் இன்னொரு காலையில் வாருங்கள், தங்குமிடத்திலிருந்து நடந்துவிடலாம்.

கிரகரி வாவி 1873 இல், வில்லியம் கிரகரி தேசாதிபதியாக இருந்த காலத்தில் உண்டாக்கப்பட்டது. பீதுருதாலகாலை மலையிலிருந்து வரும் ஓடையை மறித்து, சதுப்பாகக் கிடந்த நிலத்தை வாவியாக்கினார்கள். 2,524 மீட்டர் உயரத்தில் இலங்கையின் ஆக உயர்ந்த மலை அது, ஊருக்குள் நின்றபடியே பார்க்கலாம். வாவிக்கரையில் புல்வெளி, அன்னப் படகு, மோட்டார் படகு, குதிரைச் சவாரி, சோளம், கடலை எல்லாம் உண்டு. எனக்கு இந்த இடம் கொஞ்சம் சந்தைக்கடை மாதிரிதான் படும், ஆனால் பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போனதைப் பார்த்ததில்லை. படகில் ஏறும்போது உயிர்காப்பு அங்கி எல்லாருக்கும், பிள்ளைகளின் அளவிலேயே, கேட்டு வாங்குங்கள். கொடுக்காவிட்டால் ஏறவேண்டாம். சவாரிக்கும் படகுக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு காசு என்பதை ஏறுமுன் பேசிவிட வேண்டும். இருட்ட முன் கிளம்புங்கள், வாவிக் காற்று திடீரென்று சில்லிடும்.

இரண்டாம் நாள் வெலிமடை வீதி

சொந்த வாகனம் இல்லாதவர்களுக்கும் இந்த நாள் சுலபம். நுவரெலியா பஸ் நிலையத்தில் வெலிமடை அல்லது பதுளை பஸ்ஸில் ஏறினால் சீதா எலியவும் ஹக்கலையும் வீதியோரத்திலேயே வரும். வழி முழுக்க மரக்கறித் தோட்டம். லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு என்று படிப்படியாக இறங்கும். அறுவடை நேரமானால் ஓடைக்கரைகளில் கரட்டைக் கழுவி மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் சீதா எலியவில் சீதையம்மன் கோயில். அசோக வனம் இதுதான் என்பது நம்பிக்கை. கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றுப் பாறையில் உள்ள குழிகளை அனுமனின் பாதச் சுவடுகள் என்று காட்டுவார்கள். 2024 மே மாதம் கும்பாபிஷேகம் நடந்ததிலிருந்து இந்தியாவிலிருந்து வரும் கூட்டமும் சேர்ந்துகொண்டது. காலை ஏழு, ஏழரைக்குப் போனால் நின்று கும்பிடலாம். ஆற்றுப் பாறை வழுக்கும், தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிரும். பிள்ளைகளை மேலே படியிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கோயிலுக்கு முன் பிரதான வீதி, பஸ்கள் வேகமாக வரும். வீதியைக் கடக்கும்போதும் கையை விடவேண்டாம்.

அங்கிருந்து இன்னும் கொஞ்சம் இறங்கினால் ஹக்கலைத் தாவரவியல் பூங்கா. இதற்கு ஒரு முழுக் காலையைக் கொடுக்கவேண்டும். மலேரியாவுக்கு மருந்தான குயினைன் எடுக்கும் சிங்கோனா மரத்தை இங்கே வளர்த்துப் பார்க்கலாம் என்று 1861 இல் தொடங்கிய தோட்டம் இது. பிறகு தேயிலை எல்லாவற்றையும் விழுங்க, தோட்டம் பூங்காவானது. 28 ஹெக்டேயர். பேராதனைக்கு அடுத்தபடி பெரியது. பின்னால் ஹக்கலைப் பாறை சுவர் போல எழுந்து நிற்கும். அனுமன் தூக்கி வந்த மலையின் துண்டு என்று அதற்கும் கதை உண்டு. பாறையைச் சூழ்ந்த காடு கடும் பாதுகாப்பு ஒதுக்கிடம், அதற்குள் யாரும் போகமுடியாது.

உள்ளே போகும் முறைக்கு வருவோம். பூங்கா சரிவில் அமைந்திருக்கிறது. வாசலில் பூக்களைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டால், மேலே ஏறும்போது பெரியவர்களுக்கு மூச்சு வாங்கும், மேகமும் வந்துவிடும். முதலில் ஏறவேண்டியவர்கள் ஏறி, மேல் பக்கத்துப் பன்னம் தோட்டத்தையும் பழைய மரங்களையும் பார்த்துவிட்டு, பிறகு ரோஜாத் தோட்டத்துக்கும் ஓர்க்கிட் வீட்டுக்கும் இறங்குவது நல்லது. நடக்கமுடியாதவர்களைக் கீழேயே, புல்வெளிப் பக்கம் அமர்த்தலாம், அங்கிருந்து ஊவாவின் மலைகள் அடுக்கடுக்காகத் தெரியும். ரோஜா ஏப்ரலில் செழிப்பு, மற்ற மாதங்களில் அதை நம்பி வரவேண்டாம். பன்னம் தோட்டம் எப்போதும் பச்சை, ஈரமான நாளில் இன்னும் அழகு.

குரங்குகள் உண்டு. செம்முகக் குரங்குகள் சாப்பாட்டுப் பையைப் பறிக்கும், கரடிக் குரங்கு என்று சொல்லப்படும் அடர்ந்த மயிர்க்காரர்கள் தூரத்தில் மரத்திலிருந்து கத்துவார்கள். இரண்டுக்கும் எதுவும் போடாதீர்கள். நீங்கள் போடும் ஒரு பிஸ்கட்டுக்கு அடுத்த குடும்பத்துப் பிள்ளை கடி வாங்கும். குரங்கு கடித்தால், கீறினால், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், விசர்நாய்த் தடுப்பூசி தேவையா என்று அவர்கள் சொல்வார்கள்.

பின்னேரம் அறைக்குத் திரும்புங்கள். தெம்பு இருந்தால், மழையும் விட்டிருந்தால், நகரை ஒட்டிய கல்வேஸ் லேண்ட் சிறு காட்டுக்குள் ஒரு நடை போகலாம். 1938 இல் சரணாலயமாகவும், 2006 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். சின்னச் சுற்றுத்தான். அட்டை உண்டு.

மூன்றாம் நாள், யார் போகலாம் என்று யோசித்துவிட்டு

ஹோர்ட்டன் சமவெளி எல்லாருக்கும் அல்ல. ஒன்பது கிலோமீட்டர் அளவிலான சுற்றுப் பாதை, கல்லும் வேரும் சேறும். ஏழெட்டு வயதுக்கு மேல் நடந்து பழகிய பிள்ளைகள் முடிப்பார்கள். அதற்குக் கீழே என்றால் யாராவது தோளில் சுமக்கவேண்டி வரும். இதயநோய், மூச்சிழுப்பு உள்ளவர்கள் தவிர்க்கலாம். பாதையே 2,100 மீட்டருக்கு மேல்தான்.

போகிறவர்கள் விடியற்காலை நாலரை, ஐந்துக்கு நகரிலிருந்து கிளம்பி, அம்பேவெல, பட்டிப்பொல வழியாக, ஆறு மணிக்கு வாசலில் நிற்கவேண்டும். அடையாள அட்டை கட்டாயம் கொண்டுபோங்கள், உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் பல மடங்கு வித்தியாசம். வாசலில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உள்ளே போகாது, தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபலைக்கூட உரித்து வாங்கிவிடுவார்கள். லன்ச் சீட்டில் சுற்றிய சோற்றோடு போய் அங்கே நின்று தடுமாறாமல், முதல்நாள் இரவே ரொட்டியும் கட்டைச் சம்பலும் டிபன் பெட்டியில் போட்டு வையுங்கள். பிஸ்கட்டையும் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

பாதை பிரியும் இடத்தில் உலக முடிவுப் பக்கத்தை முதலில் எடுங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சி மத்தியானமும் அங்கேதான் இருக்கும், உலக முடிவின் காட்சியோ ஒன்பதரைக்கு மேல் இருக்குமா என்பது அதிர்ஷ்டம். அது 800 மீட்டருக்கும் மேல் செங்குத்தாக விழும் பாறை விளிம்பு. படம் எடுக்கிறேன் என்று பின்னால் நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை என்று கணக்கு வைத்து, விளிம்பு வருமுன்பே கையைப் பிடித்துவிடுங்கள்.

நடுவில் உள்ள புல்வெளியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளும் நீர் எடுப்பது இந்த மேட்டு நிலத்தில்தான். பாடப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்குக் காலடியில் கசியும் ஓடையைக் காட்டிச் சொல்லலாம். காட்டோரத்து நெலுச் செடிகள் நம் குறிஞ்சியின் சொந்தங்கள், சில வகை பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சேர்ந்து பூக்கும். வாகனம் நிறுத்துமிடத்தருகே மரைகள் பயமில்லாமல் நிற்கும். சாப்பாடு கொடுத்துக் கொடுத்துத்தான் அப்படிப் பழகிவிட்டன, நீங்கள் கொடுக்காதீர்கள். பிள்ளை களைத்துவிட்டால் பாதியில் திரும்பலாம், சுற்றை முடித்தே ஆகவேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இறங்கும் வழியில் அம்பேவெல பால்பண்ணை. நடக்கமுடியாதவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் காலையில் நேராக இங்கேயே வந்துவிடலாம், அது அவர்களுக்கான மூன்றாம் நாள். பசு, கன்று, பச்சைப் புல்வெளி, தூரத்தில் சுழலும் காற்றாலைகள். பாலும் யோகட்டும் அங்கேயே வாங்கலாம். காற்று பலமாக அடிக்கும், காதை மூடும் தொப்பி இல்லாமல் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

பையில் என்ன

சுவெட்டர் ஒன்று தடிப்பாக இருப்பதைவிட, மெல்லிய உடுப்பு இரண்டு மூன்றாகப் போடுவது நல்லது, ஏறும்போது கழற்றி நிற்கும்போது போடலாம். குடையைக் காற்று திருப்பிவிடும், மழைக்கோட்டு எடுங்கள். வழுக்காத சப்பாத்து, மாற்று மேசு இரண்டு சோடி, பிளாஸ்கில் சுடுதண்ணீர். குளிராக இருந்தாலும் வெயில் தோலைச் சுடும், தொப்பி வேண்டும். அட்டைக்குக் காலிலும் மேசிலும் சவர்க்காரம் பூசிக்கொள்ளலாம். கடித்தால் இழுத்துப் பிய்க்காமல், நகத்தால் நகர்த்தி எடுத்துவிட்டுக் கழுவுங்கள், இரத்தம் கொஞ்ச நேரம் வடியும், பயமில்லை. அம்புலன்ஸ் வேண்டுமானால் 1990, இலவசம்.

தேயிலை மலைக்குள் இறங்குமுன்

எல்லா இடத்துக்கும் போகும் வழியில் தேயிலை மலை வரும், வேனை நிறுத்திப் படம் எடுக்க எல்லாருக்கும் ஆசை வரும். அது ஆட்கள் வேலை செய்யும் இடம். கொழுந்து எடுக்கும் அக்காமார் நிறைக்குத்தான் வேலை செய்கிறார்கள், கூடை குறைந்தால் அன்றைய சம்பளம் குறையும். படம் எடுக்கவேண்டுமானால் வீதியிலிருந்தே “அக்கா, ஒரு படம் எடுக்கட்டுமா?” என்று தமிழில் கேளுங்கள், நமக்கு அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மலைக்குள் இறங்கிச் செடிகளை மிதிக்காதீர்கள், தண்ணீர் வடியும் கான் மூடியிருக்கும் இடத்தில் கால் முறியும். லயத்து முற்றத்துக்குள் கமெராவோடு நுழைவதும் பிள்ளைகளைக் கூப்பிட்டு டொபி கொடுத்துப் படம் எடுப்பதும் நாகரிகமில்லை. தேயிலை எப்படி ஆகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டவேண்டுமானால், கண்டி வீதியில் லபுக்கலையில் வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும் தொழிற்சாலை இருக்கிறது.

திரும்பும் வழி

கண்டிப் பக்கம் போகிறவர்கள் ரம்பொடை நீர்வீழ்ச்சியை வீதிப் பாலத்திலிருந்தே பார்க்கலாம், 109 மீட்டர். பக்கத்துக் குன்றில் அனுமன் கோயில் இருக்கிறது, அங்கிருந்து கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும். ஹட்டன் பக்கம் போகிறவர்களுக்குத் தலவாக்கலைக்கு அருகே சென் கிளயர், டெவோன் நீர்வீழ்ச்சிகள், இரண்டுமே வீதியோரக் காட்சி. எந்த நீர்வீழ்ச்சியானாலும் பார்ப்பதோடு நிறுத்துங்கள், அடியில் இறங்கிக் குளிக்க வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மேல்மலையில் மழை பெய்து தண்ணீர் ஒரேயடியாக வரும். இருட்ட முன் சமதரையை அடைய, நகரிலிருந்து பகல் பன்னிரண்டுக்குள் கிளம்பிவிடுங்கள்.